எட்டில் முடிந்த என்ஜின்

1981 டிசம்பர் 3, வியாழன்

நீராவி என்ஜின் 378 வந்துவிட்டது. இரண்டு மாதம் பணிமனையில் கிடந்தது. வயிற்றிலிருந்த எண்ணெய்க் குழாய்களைப் பிடுங்கிவிட்டு, கரி எரிக்கிற அடுப்பு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். என்ஜின்களுக்கு இனி எண்ணெய் கிடையாது என்று மேலே முடிவாகிவிட்டது. இத்தனை வருடம் குழாயைத் திருகிவிட்டுக் கை கழுவிக்கொண்டு போன ஃபயர்மேன்கள் இனி குனிந்து கரி அள்ள வேண்டும். ஷெட்டில் காலையிலிருந்து இழவு வீட்டுக் களை. எனக்கு மட்டும் சந்தோஷம். எந்த வண்டிக்கு எந்த என்ஜின் என்று ஒதுக்குகிறவள் நான். ஓர் என்ஜின் கூடினால் எனக்கு ஒரு வண்டிக்காரன் திட்டு குறையும்.

என் வீட்டுக்காரர் வில்ஃப்ரீட் நெஞ்சு வலி வந்து லைனைவிட்டு இறங்கும்வரை ஓட்டியதும் இதைத்தான். இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "கரி போட்டா அவ முரண்டு பண்ணுவா" என்றார். பொண்டாட்டியைப் பற்றிக்கூட இத்தனை கரிசனமாகப் பேசியதில்லை மனிதர்.

பலகையில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது. 44 0378-8. நாற்பத்து நான்கு என்பது கனத்த சரக்கு என்ஜின் வகை. அடுத்த பூஜ்யம் எண்ணெய் என்பதற்கு. கரி என்றால் அங்கே ஒன்று வர வேண்டும். ஷெட் தலைவர் டிரெக்ஸ்லர் பெயிண்டர் எகானைக் கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "பூஜ்யத்த ஒன்னாக்கு. வேற எதையும் தொடாத. போன தடவ மாதிரி சொந்த மூளைய ஓட்டாத."

போன தடவை எகான் எண்களுக்கு வெள்ளை நிழல் வைத்து அழகாக எழுதிவிட்டான். அது விதிமுறையில் இல்லையாம். அழித்து எழுதச் சொல்லி எல்லோர் முன்னாலும் ஏசினார்கள்.

டிசம்பர் 8, செவ்வாய்

378 கரிக்கு மாறிவிட்டது என்று நாங்கள் அனுப்பிய தகவலைக் கோட்ட அலுவலகத்துக் கம்ப்யூட்டர் திருப்பியடித்துவிட்டது. 44 1378-8 என்று ஓர் என்ஜினே இல்லையாம்.

இல்லையாமே! நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், புகை விட்டுக்கொண்டு நிற்கிறது.

பிறகுதான் உறைத்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கடைசி எண், மற்ற ஆறு எண்களையும் கூட்டிப் பெருக்கி வருகிற சரிபார்ப்பு எண். யாராவது போனில் ஓர் எண்ணை மாற்றிச் சொன்னால் கம்ப்யூட்டர் பிடித்துவிடட்டும் என்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கொண்டுவந்தது. பூஜ்யம் ஒன்றானால் கடைசி எட்டு ஏழாக வேண்டும். ஷெட்டில் துடைப்பம் பிடிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். எகானுக்கும் தெரியும்.

"தெரிஞ்சுமா எட்ட விட்டே?"

"வேற எதையும் தொடாதன்னார். தொடல."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. டிரெக்ஸ்லரிடம் போய், தவறு என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் முடிந்தது, கையெழுத்துப் போடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

டிசம்பர் 9

இன்னும் யோசிக்கிறார்.

டிசம்பர் 22, செவ்வாய்

இன்று சண்டையே போட்டுவிட்டேன். மாத முடிவில் சிறந்த ஷெட் என்ற கொடியை எங்களுக்குத் தரப்போகிறார்கள். இந்த நேரத்தில் தவறு நடந்தது என்று எழுதிக்கொடுத்தால் கொடி போய்விடும் என்று மனிதர் பயப்படுகிறார்.

"தோழர் டிரெக்ஸ்லர், சுற்றறிக்கைய படிச்சீங்களா இல்லையா? டிசம்பர் முப்பத்தொன்னுக்குள்ள கரிக்கு மாறுனதா கணக்குல வராத எண்ணெய் என்ஜினெல்லாம் கழிச்சதா ஆயிடும். கழிச்சா வெட்டுறதுக்குத்தான் போகும்."

"புது வருஷத்துல பாத்துக்கலாம் ரோஸ்விதா."

"புது வருஷத்துல என்னத்தப் பாக்குறது? பொணத்தையா?"

கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டேன் போலிருக்கிறது. சுவரில் இருந்த கட்சித் தலைவர் படம் இப்போது சாய்ந்து தொங்குகிறதாம்.

1982 ஜனவரி 4, திங்கள்

கொடி வந்தது. சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறார்கள். அதே தபாலில் கழித்த என்ஜின்களின் பட்டியல். 44 0378-8, டிசம்பர் 31. உடைப்பதற்கு அனுப்பவும்.

இப்போது பலகையில் ஏழு எழுதி எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணலாம் என்றால், கம்ப்யூட்டர் நடுவிலுள்ள 378ஐ வைத்து அதைக் கழித்த என்ஜின் என்று கண்டுகொள்ளும். நேரே வெட்டுகிற இடம். எட்டோடு விட்டால் அப்படி ஓர் என்ஜின் உலகத்திலேயே இல்லை. வண்டி இழுக்க முடியாது, கரி ஒதுக்க மாட்டார்கள். ஆனால் இல்லாததை யாரும் வெட்டவும் முடியாது.

புது அடுப்பு, புதுக் குழாய்கள், கொதிகலனுக்கு இன்னும் வருடக்கணக்கில் அனுமதி இருக்கிறது. ஒரு கடைசி எண்ணுக்காக அதை வெட்டுவார்களா? முடியாது. நான் விடப்போவதில்லை.

பதில் எழுதினேன்: "44 0378-8 என்ற எண்ணுள்ள என்ஜின் எங்கள் ஷெட்டில் இல்லை." ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. டிரெக்ஸ்லர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். 378ஐக் கரிமேட்டுக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 7, வியாழன்

வில்ஃப்ரீட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். ஏற்கெனவே இதயம் பாதிதான் வேலை செய்கிறது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது செருப்பை மாற்றிப் போட்டுவிட்டாய் என்று என்னைத் திட்டினார். திட்டுகிறாரே என்று நிம்மதியாக இருந்தது.

ஜனவரி 10, ஞாயிறு

என் ஒருத்திக்காகக் கிழங்கு உருண்டை பிடிக்கத் தோன்றவில்லை. ரொட்டி.

ஜனவரி 13, புதன்

வெளியே மைனஸ் பத்தொன்பது. வார்டுகளுக்குச் சூடு தரும் ஆஸ்பத்திரிக் கொதிகலன் விடிகாலையில் வெடிப்பு விட்டுவிட்டது. சரிசெய்ய முடியாது, புதிது வேண்டும், அது எப்போது வருமோ. வார்டில் நோயாளிகள் கோட்டோடு படுத்திருக்கிறார்கள். சிஸ்டர் எவெலின் கையுறை போட்டுக்கொண்டு ஊசி போடுகிறாள். நாளை மறுநாள் எல்லோரையும் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றப்போகிறார்களாம். ஐஸ் பிடித்த மலைப் பாதை.

டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். சுற்றிவளைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் தாங்க மாட்டாரும்மா. இங்க இதே குளிர்ல இருந்தாலும் தாங்க மாட்டார்."

அப்புறம் என்னதான் பண்றது? அப்புறம் என்னதான்யா பண்றது!

கோட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போகும் கிளைத் தண்டவாளத்தில், அந்த சைடிங்கில், ஓர் என்ஜினை நிறுத்தி நீராவி கொடுத்தால் போதும், வேறு ஊர்களில் செய்கிறார்கள்தானே என்றேன். ஆஸ்பத்திரியும் கேட்டிருக்கிறதாம். "ஒரு என்ஜின் கூட மிச்சம் இல்லம்மா. எல்லாம் கணக்குல இருக்கு."

எல்லாம் கணக்கில் இருக்கிறது. சரி. கணக்கில் இல்லாதது ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஜனவரி 14, வியாழன்

செய்துவிட்டேன்.

காலையில் முதலில் டிரெக்ஸ்லர். மறைத்துச் செய்ய எனக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தே சொன்னேன். வெகு நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். நான் திட்டிவிட்டுப் போவேன் என்று காத்திருந்தார் போல. நான் போகவில்லை. கடைசியில், "மத்தியானம் எனக்குக் கட்சிக் கூட்டம். திரும்பி வர்ற வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியாது, காதும் கேக்காது" என்றார். கொடிக்காகப் பயந்த மனிதர்தான். ஆனாலும் எழுந்து நின்று எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்து உம்பிரைட். ஷெட்டிலேயே மூத்த டிரைவர், வில்ஃப்ரீட்டோடு சேர்ந்து குடித்தவர், சேர்ந்து ஓட்டியவர். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கோட்டை மாட்டிக்கொண்டார்.

"மெயின் லைனத் தொடணுமா?"

"வேண்டாம். சைடிங் நம்ம யார்டுலேர்ந்தே பிரியுது."

"அப்போ எவனும் நம்பர் கேக்க மாட்டான். நீ முன்னால நடந்து பாயிண்ட மாத்து. விழுந்து தொலைக்காத, உன்ன தூக்க ஆளில்ல."

நான் முன்னால் நடந்தேன், 378 பின்னால் வந்தது. தண்டவாளம் பிரியும் இடத்தில் ஐஸ் படிந்த பாயிண்டைக் கம்பியால் தட்டித் தட்டித்தான் திருப்ப முடிந்தது. ஆஸ்பத்திரி ஜன்னல் எல்லாவற்றிலும் முகங்கள். பெரிய குழாயை மாட்டி நீராவியைத் திறந்தபோது உம்பிரைட் தொப்பியைக் கழற்றினார், ஏனென்று தெரியவில்லை. அரை மணி கழித்து வார்டுக்குப் போய் வில்ஃப்ரீட் கட்டிலுக்குப் பின்னால் இருந்த ரேடியேட்டரைத் தொட்டேன். சுட்டது. கையை எடுக்கவில்லை. அழுதேன். எவெலின் பார்த்துவிட்டாள், பார்க்காதது மாதிரி நகர்ந்துவிட்டாள்.

ஜனவரி 15, வெள்ளி

நோயாளிகளை மாற்றுவது நிறுத்தம்.

ஜனவரி 19, செவ்வாய்

கரி. கரி. கரி. என்ஜின் எண்ணைச் சொன்னால்தான் கரி ஒதுக்குவார்கள், இதன் எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டர் கொக்கரிக்கும். ஆகவே கரி போட்டுக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு டிரைவரும் கிரேன் ஆளைப் பார்த்து ஒரு கண் சிமிட்டுகிறார். அவர்கள் பங்கிலிருந்து ஒரு வாளி ஓரமாக விழுகிறது. நான் யாரிடமும் கேட்கவில்லை, உம்பிரைட்தான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணெய் போனதற்கு மூக்கால் அழுத ஃபயர்மேன் பையன்கள் வேலை முடிந்ததும் முறை வைத்துக்கொண்டு போய்க் கரி அள்ளிப் போடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போது எக்ஸ்சேஞ்சில் யார் காது கொடுக்கிறார்களோ தெரியாது. எண்ணை வாயில் எடுக்கக் கூடாது என்று எவெலினிடம் சொல்லிவைத்தேன்.

"அப்போ எப்படித்தான் சொல்றது? அந்தக் கறுப்புப் பூதம்னா?"

"எதாவது ஒரு பேரு வெச்சுக்கோ."

இன்று காலை போனில், "ஹுல்டாவுக்குப் பசி எடுத்துடுச்சு. சாயந்தரத்துக்குள்ள சாப்பாடு வேணும்" என்றாள். ஹுல்டா யார் என்று விசாரித்தேன். முன்பு அந்த வார்டில் இருந்த தலைமை சிஸ்டராம். பருத்த உடம்பு, ஓயாத சத்தம். டாக்டர்களையே விரட்டுவாளாம். குளிரும் நோயாளிக்குத் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டு விடிய விடிய முணுமுணுத்துக்கொண்டே நடப்பாளாம்.

சரியான பெயர்தான்.

ஜனவரி 27, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. வில்ஃப்ரீட்டைத் தலையணை வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். நேராக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததற்கு ஒரு வணக்கம் கிடையாது.

"ரோஸி, அது என்னோடது."

"ஆமா."

"கடைசி நம்பர் தப்பு. ஏழு வரணும்."

"சத்தமா பேசாதீங்க. தப்பா இருக்கறதாலதான் நீங்க கதகதன்னு உக்காந்திருக்கீங்க."

முழுக் கதையையும் காதோடு காதாகச் சொன்னேன். சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் பெல்லை அழுத்திவிட்டார்.

எங்கள் ரயில்காரர்கள் எண்ணுக்கு அடிமையான கதையை வில்ஃப்ரீட் அடிக்கடி சொல்வார். ஆரம்பத்தில் என்ஜின்களுக்குப் பெயர்தான், ஆறு, மலை, ராஜா, பறவை என்று. என்ஜின் பெருகப் பெருகப் பெயருக்குப் பஞ்சம் வந்தது. பிறகு ஒவ்வொரு ராஜ்யமும் தன் இஷ்டத்துக்கு எழுத்தும் எண்ணும் போட்டது. அப்புறம் நாடு முழுவதுக்கும் ஒரே எண் வரிசை, அதன் பிறகு இந்தக் கம்ப்யூட்டரும் வாலில் ஒட்டிய சரிபார்ப்பு எண்ணும். இன்றும் அதை ஆரம்பித்தார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஹுல்டாவா? நான் ஓட்டும்போது அவள இருமல்காரின்னுதான் கூப்பிடுவேன்" என்றார். இத்தனை வருடம் என்னிடம் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 5, வெள்ளி

முட்டாள்கள். நல்ல மனசுக்கார முட்டாள்கள்!

மாவட்டப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம். "நோயாளிகளைக் காத்த ரயில் தோழர்கள்." சிஸ்டர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறார்கள், நடுவில் உம்பிரைட், பின்னால் என்ஜின். முகப்பில் பலகை. எகான் எழுதியது எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். 44 1378-8.

கோட்ட அலுவலகத்தில் இந்த எண்களோடு குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காப்பி குடித்துக்கொண்டே பார்த்தாலும் மனசுக்குள் கூட்டிவிடுவார்கள். கடைசியில் ஏழு வர வேண்டிய இடத்தில் எட்டு உட்கார்ந்திருந்தால் காப்பி இறங்குமா அவர்களுக்கு?

டிரெக்ஸ்லர் பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 8, திங்கள்

வந்துவிட்டார். பெயர் கெர்லாக், கம்ப்யூட்டர் பிரிவு. ஒல்லியான மனிதர், மஃப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்து, பலகையைப் பார்த்து, கையுறையைக் கழற்றி எட்டின்மேல் விரலை வைத்தார்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அச்சுப் பிழையா இருக்கும்னு நினைச்சேன்."

"பிழைதான். எங்களோடது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். யார் பெயரையும் இழுக்கவில்லை. என்ஜினை ஒதுக்குவது என் வேலை, ஒதுக்கினேன் என்றேன். டிரெக்ஸ்லர் பின்னாலிருந்து வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அவரும் மாட்டினால் நாளைக்கு இந்த என்ஜினுக்காகக் கையெழுத்துப் போட ஆளிருக்காது.

கெர்லாக் பெருமூச்சு விட்டார். "எட்ட நான் விட்டுவெக்க முடியாது. அப்படி ஒரு நம்பரே கிடையாது. ஏழு போட்டா இது கழிச்ச என்ஜின், நாளைக்கே இழுத்துட்டுப் போகச் சொல்லணும். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க, கேக்கறேன்."

கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். மூன்று வாரமாக அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். படுக்கையில், டிராமில், கழிப்பறையில்கூட.

"நம்பர் எதுக்குங்க? ஓடுற என்ஜினுக்கு. இது ஓடல. குழாய் மாட்டி ஒரே இடத்துல நிக்குது. சக்கரத்தத் தள்ளுற கம்பிய கழட்டிடறோம், இனி நினைச்சாலும் ஓடாது. என்ஜினா கழிச்சது கழிச்சதாவே இருக்கட்டும். ஆஸ்பத்திரி இத கொதிகலனா எடுத்துக்கட்டும். ஆஸ்பத்திரி அடுப்புக்கெல்லாம் உங்க கம்ப்யூட்டர் நம்பர் குடுக்குதா என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். என்ஜினைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஏதோ கூட்டிக்கொண்டிருந்தார் போல.

"கொதிகலன் எங்க பிரிவுல வராது" என்றார் மெதுவாக. "ஆனா கரி கேக்கணும்னா தாள்ல ஏதாவது ஒன்னு எழுதணுமே. எதுன்னு அடையாளம் தெரியணும்."

வார்டு ஜன்னலைத் திறந்துகொண்டு எவெலின் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கத்தினாள்: "ஹுல்டா!"

உம்பிரைட் ஏணி கொண்டுவந்தார். பலகைகளை நானே கழற்றினேன். திருகு துருப்பிடித்திருந்தது, விரல் கிழிந்துவிட்டது. கெர்லாக் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், "கணக்குல இல்லாத என்ஜின இயக்குனதுக்கு ஒருத்தர் பதில் சொல்லியாகணும், தெரியும்ல?" என்றார்.

"தெரியும். எழுதுங்க. ரோஸ்விதா டென்ஸ்லர்."

பிப்ரவரி 11, வியாழன்

ஊக்கத்தொகை ரத்து. ஒதுக்கீட்டு மேசையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். திங்களிலிருந்து யார்டு, வருகிற வேகன்களின் எண்களை எழுதும் வேலை. வருத்தமா? ஆமாம். பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த மேசை அது. ஆனால் மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி அதேதான் செய்வேன், ஒரு நாள் முன்னாலேயே செய்வேன்.

சாப்பாட்டு அறையில் கொடி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. டிரெக்ஸ்லரே கழற்றினாராம்.

பிப்ரவரி 21, ஞாயிறு

வில்ஃப்ரீட் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேருக்குக் கிழங்கு உருண்டை. வேகவில்லை என்றார். மூன்று சாப்பிட்டார்.

மார்ச் 16, செவ்வாய்

யார்டில் காற்று அறைகிறது. வேகன் எண்ணுக்கும் வாலில் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யார்டு பசங்கள் கிண்டல் பண்ணுகிறார்கள், பண்ணட்டும். ஒரு மாதத்தில் இரண்டு தப்பு கண்டுபிடித்திருக்கிறேன்.

இன்று பதினோரு மணி வண்டியில் கடைசியாக ஒரு கரி வேகன். எண்ணைக் கூட்டினேன், சரியாக இருந்தது. பக்கவாட்டில் செருகியிருந்த அட்டையைப் படித்தேன். அச்சடித்த எழுத்து, கம்ப்யூட்டரிலிருந்து வந்தது: "மாவட்ட ஆஸ்பத்திரி. கொதிகலன்: ஹுல்டா." இரண்டு முறை படித்தேன். பிறகு என் தாளில் அப்படியே எழுதினேன்.

வேகனோடு சைடிங்வரை நடந்தேன். எகான் போன வாரம் முகப்பில் பெயரை எழுதி முடித்திருக்கிறான், ஒவ்வோர் எழுத்துக்கும் வெள்ளை நிழல் வைத்து. கொதிகலனுக்கு எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று எந்த விதிமுறையிலும் இல்லையாம், தேடிப் பார்த்துவிட்டானாம். வில்ஃப்ரீட் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி அவருக்கு அரை நாள் வேலை கொடுத்திருக்கிறது. அழுத்தமானியைப் பார்த்துக்கொள்வது, கரி அள்ளும் பையன்களை அதட்டுவது. அவர் கரி அள்ளக் கூடாது, டாக்டர் உத்தரவு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி யார்டுக்கு வந்தேன். கொதிகலனுக்கு விசில் கிடையாது, கழற்றியாகிவிட்டது என்றுதான் எழுதிக்கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஊர் முழுக்கக் கேட்கும்படி நீளமாக ஒரு விசில் வந்தது. யார்டு பசங்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அடுத்த வேகனின் எண்ணைக் கூட்ட ஆரம்பித்தேன்.